ஆம்பளை இல்லாத வீடு

அந்தப் பொய்யை எழுதியவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஏதோ வேடிக்கை பார்த்தவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேஜை, ஒரு குடை, நான்கு பேனா. மனு எழுதித் தருவது என் பிழைப்பு. ஊரில் பாதிப்பேரின் தலையெழுத்தைக் கடவுள் எழுதினார் என்றால் மீதிப்பேருடையதை நான் எழுதினேன். கோணல் இரண்டிலும் உண்டு.

கிணறு வெட்டுகிறவன் ஒருவன். ஊரே அவனை 'ஆழம்' என்றுதான் கூப்பிடும். எதைக் கேட்டாலும் ஆழத்தில்தான் பதில் சொல்வான். "பொண்ணு எவ்வளவு வளந்துட்டா?" என்றால், "இடுப்பளவு குழி வெட்டினா போதும், இறங்கி நின்னா தலை மட்டும் தெரியும்" என்பான். உழைப்பாளி. கோடையில் தண்ணீர் கீழே இறங்கியிருக்கும் மூன்று மாதமும் கடப்பாரையோடு இறங்கினால் பொழுது சாய்ந்துதான் மேலே வருவான். மழை விழுந்துவிட்டால் கிணற்றில் யாரும் கை வைக்க மாட்டார்கள். அப்புறம் கிடைத்த வேலை, கொடுத்த கூலி. மனைவி வெங்காயக் கிடங்கில் அழுகலைப் பிரித்துப் போடுகிறவள். இரண்டு பெண்கள். மூத்தவளுக்குக் கரும்பலகை சரியாகத் தெரியாது. சொன்னால் கண்ணாடி வாங்க வீட்டில் வழியிருக்காது என்று, சொல்லாமலே பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்தத் திட்டம் வந்தது. மாதாமாதம் பணம், நேராகக் குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்கில். இடையில் யார் கையும் படாது. நல்ல திட்டம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு விதி வைத்திருந்தார்கள். வீட்டில் உழைக்கும் வயதில் ஆண் இருக்கக் கூடாது. ஆம்பளை இருந்தால் வருமானம் இருக்கும் என்று எவனோ மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறான். அந்த மகராசன் ஒரு மழைக்காலத்தில் ஆழத்தின் வீட்டு அடுப்பை வந்து பார்த்திருக்க வேண்டும்.

புருஷனும் மனைவியும் என் மேஜைக்கு வந்தார்கள்.

"அண்ணே, எங்களுக்கு வருமா?" என்றாள் அவள்.

"இவன் இருக்கிற வரைக்கும் வராது தங்கச்சி."

ஆழம் சிரித்தான். "அப்ப நான் இல்லைன்னு எழுதுங்க."

"செத்துட்டான்னு எழுதவா?"

"அதுக்கு சர்டிபிகேட் கேப்பாங்கண்ணே. ஓடிப் போயிட்டான்னு எழுதுங்க. ஓடிப் போனவனுக்கு யாரு சர்டிபிகேட் குடுக்கிறது?"

அவள் அவன் தோளில் ஓர் அடி வைத்தாள். மூன்று பேரும் சிரித்துக்கொண்டேதான் எழுதினோம்: 'கணவர் குடும்பத்தைக் கைவிட்டுச் சென்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன.' எழுதிய கூலியைக்கூட நான் வாங்கவில்லை. பெரிய தர்மவான் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு நினைப்பு.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். இங்கே பொய் சொன்ன பிறகுதான் கிடைத்தது. மாதக் கடைசியிலும் அடுப்பெரிந்தது. மூத்தவளுக்குக் கண்ணாடி வந்தது. முதல் நாள் போட்டுக்கொண்டு வெளியே வந்தவள், மரத்தில் இலை தனித்தனியாக இருக்கிறது என்று தங்கையிடம் சொன்னாளாம். கிடங்குக்காரனிடம் முன்பணம் கேட்டுத் தலை சொறிந்து நிற்பதை ஆழத்தின் மனைவி நிறுத்தினாள். குனிந்தே நடந்தவள் நிமிர்ந்து நடந்தாள். இதெல்லாம் அந்தப் பணம் செய்தது. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நாக்கு அழுகிவிடும்.

ஆனால் மடியில் கனமிருந்தால் வழியில் பயம். மாதத்தில் ஒரு நாள், எந்த நாள் என்று சொல்லாமல், சரிபார்க்க ஓர் அம்மாள் வருவாள். கெட்டவள் இல்லை, அவள் வேலை அது. வந்ததும் முதலில் துணி காயும் கொடியைத்தான் பார்ப்பாள். அப்புறம் வாசலில் செருப்பு, மாடத்தில் சவரக் கத்தி. அதனால் ஆழத்தின் சட்டை வீட்டுக்குள்ளேயே காய்ந்து முடைநாற்றம் அடித்தது. செருப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைவான். தெருவில் கண்டால் சின்னவள் அவனை "மாமா" என்று கூப்பிடும்படி பழக்கினார்கள். ஒருநாள் அவன் காய்ச்சலோடு படுத்திருந்தபோது அம்மாள் வந்துவிட்டாள். புறவாசல் வழியாக ஓடி, பக்கத்து மாட்டுக் கொட்டகையில் சாணியின் மேல் உட்கார்ந்திருந்தான். உள்ளே மூத்தவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அப்பா எங்க இருக்காருன்னு எங்களுக்குத் தெரியாது" என்றாளாம். கண்கூட இமைக்கவில்லையாம். இதை ஆழம் என்னிடம் பெருமையாகத்தான் சொன்னான்.

அதற்குப் பிறகு வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவன் வெளியூர்த் தோட்டங்களில், மோட்டார் அறைகளில் படுத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி போல வருவான், விருந்தாளி போலவே போவான். எழுதி வைத்த பொய் மூன்று வருஷத்தில் மெல்ல மெல்ல நிஜமாகிவிட்டது.

பிறகு ஒரு கோடையில் கிணற்றின் பக்கச் சுவர் சரிந்து அவன்மேல் விழுந்தது. உயிர் தப்பியது, இடுப்பெலும்பு தப்பவில்லை. ஆஸ்பத்திரிக்கு அவன் மனைவியும் நானும் பஸ் ஏறிப் போனோம். ஆபரேஷன் முடிந்திருந்தது. வார்டு எழுத்தர் கட்டிலருகே வந்தார்.

"ஆறு மாசம் படுக்கையிலதான். அப்புறமும் கடப்பாரை பிடிக்க முடியாது. வீட்டுக்கு அனுப்பணும்னா யார் பொறுப்புல அனுப்பறது? பொண்டாட்டி, புள்ளைங்க இருக்காங்களா?"

அவள் வாயைத் திறந்தாள். அவன் முந்திக்கொண்டான்.

"யாருமில்லைங்க. இவங்க ஊர்க்காரங்க, பாத்துட்டுப் போக வந்தாங்க."

"அப்படின்னா ஆதரவற்றோர் இல்லத்துக்கு எழுதணும்" என்று தாள் எடுக்கப் போனார் எழுத்தர்.

"உங்களுக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா?" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "வரட்டும், நான் சொல்லிடறேன்."

"சொல்லிட்டு? நான் வந்து நடுவீட்டுல படுத்தா, அடுத்த மாசம் அந்தம்மா வந்து யாரைப் பாக்கும்? பெரியவ இந்த வருஷம் பரீட்சை எழுதறா. வெங்காயம் பிரிக்கிற கூலியில என்னையும் தூக்கி அவளுங்களையும் தூக்குவியா நீ?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, இப்ப இவருக்கு உடம்பு முடியலைன்னு புதுசா மனுப் போட்டா குடுக்க மாட்டாங்களா?"

அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் புது மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பழைய மனு முதலில் எழுந்து நிற்கும். பொய் சொல்லி வாங்கியவர்கள் வாங்கியதெல்லாம் திருப்பிக் கட்ட வேண்டும். பெயரையும் அடித்துவிடுவார்கள், அப்புறம் எப்போதும் கிடையாது. இது அந்தப் படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. எழுதிய நாளிலேயே எனக்குத் தெரியும். ஊரில் யார்தான் பொய் எழுதவில்லை, ஆறோடு போகிற தண்ணீர் என்று நினைத்து அவர்களிடம் சொல்லாமல் விட்டேன். இப்போது சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

எழுத்தர் தாளோடு வந்தார். "சாட்சிக்கு ரெண்டு பேர் வேணும். நீங்க ரெண்டு பேருமே போடலாமே."

எழுதும் வேலை வழக்கம்போல என் தலையில் விழுந்தது. 'இவருக்கு மனைவி, மக்கள், உறவினர் எவரும் இல்லை என்பதை நாங்கள் நன்கு அறிவோம்.' என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று எழுத்தர் பாராட்டினார். அந்தக் கையை வெட்டிப் போட்டுவிடலாம் போல இருந்தது. நான் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை அவளிடம் நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. ஆழம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். "பெரியவளுக்குப் பரீட்சை" என்று மட்டும் யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னான். அவள் பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். பக்கத்தில் என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. எழுத்தரே கேட்டு நிரப்பிக்கொண்டார்: பக்கத்து வீடு.

"இந்தக் காலத்துல பக்கத்து வீட்டுக்காரங்க இவ்வளவு தூரம் வந்து பாக்கறதே பெரிய விஷயம்மா. நல்ல மனசு உங்களுக்கு" என்றார்.

அவன் காலிலிருந்து போர்வை நழுவியிருந்தது. இழுத்துவிடக் கையை நீட்டியவள், எழுத்தர் நிற்பதைப் பார்த்துக் கையை மடக்கிக்கொண்டாள்.

"கெளம்புங்கம்மா, பஸ் போயிடும்" என்றான் அவன்.