மரம் அறுக்க ஒரு மெஷின்

1995 மே 7ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது பத்து. அக்னி நட்சத்திரம் தொடங்கி நான்காம் நாள். வராந்தா சுவரில் நான் மாட்டியிருந்த வெப்பமானி முப்பத்தாறு டிகிரி காட்டியது. ஓர் இலைகூட அசையவில்லை. சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவின் ஏழாம் எண் வீட்டுக்கு வெளியே நின்ற தூங்குமூஞ்சி மரத்தை, மரம் வெட்டுகிறவர் கோடாலியின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் தெரு நலச் சங்கத்துக்கு நான்தான் பொருளாளர்.

அவர் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பழைய ஊர்க்காரர். அவர் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் நிலம் இருந்ததாகச் சொல்வார்கள். எங்கள் தெருவுக்குப் பதினோரு வருடமாக அவர்தான் மரம் வெட்டினார். கூலி கொஞ்சம், விறகு அவருக்கு. அதுதான் பேச்சு.

"இந்தக் கெளை உள்ள பொக்கையாகீது சார்," என்றார். "கேளு, சத்தமே வேற மாரி வருது. மழைக்கு முன்ன எறக்கிடணும்."

அவர் காட்டிய கிளை ஏழாம் வீட்டுச் சுவரை ஒட்டியிருந்த ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்கு நேர் மேலே போயிற்று. அந்தக் கொட்டகையில் எங்கள் தெருவுக்கு இஸ்திரி போடும் கணவனும் மனைவியும் குடியிருந்தார்கள்.

"எவ்வளவு?"

"முன்னூத்தம்பது குடு சார். வெறகு எனக்கு."

நான் கணக்குத் துறையில் முப்பத்து மூன்று வருடம் வேலை செய்தவன். கிளையின் சுற்றளவை ஏற்கெனவே என் மனைவியின் தையல் டேப்பால் அளந்து வைத்திருந்தேன்: ஐந்தடி இரண்டு அங்குலம். விறகு விலையோடு சேர்த்தால் அவருக்கு ஒரு நாளைக்கு எண்ணூறு ரூபாய்க்கு மேல் போகிறது. அது எனக்குப் பொறுக்கவில்லை. சங்கமே ஒரு மெஷின் வாங்கப்போகிறது, இனி கிளைகளை நாங்களே அறுத்துக்கொள்வோம், விறகை விற்றால் இரண்டு மூன்று வருடத்தில் மெஷின் விலை வந்துவிடும் என்று சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "மெஷின் வாங்கு சார், வோணாங்கல. இத்த மட்டும் இப்பவே எறக்கிடு."

"மெஷின் வந்ததும் முதல் வேலை இதுதான்," என்றேன்.

மெஷின் வர நாலரை மாதம் ஆயிற்று. அந்தத் தாமதம் முழுக்க என்னுடையது. செயலாளர், வங்கியில் வேலை பார்த்தவர், முதல் வாரமே "ஏதாவது ஒண்ணு வாங்கிடுங்க சார்" என்று சொல்லிவிட்டார். எனக்கு ஏதாவது ஒன்று வாங்கத் தெரியாது. பாரிமுனைக்கு ஒன்பது முறை போனேன். நான்கு கடையில் விலைப்பட்டியல் வாங்கினேன். பல் கொண்ட சங்கிலி ஓடும் அந்தத் தகட்டின் நீளம் பதினாலு அங்குலம் போதுமா, பதினாறு வேண்டுமா என்பதற்காகத் தெருவில் இருந்த இருபத்தாறு மரங்களையும் அளந்தேன். பெட்ரோலில் ஓடுவது பத்தொன்பதாயிரத்து எண்ணூறு. கரண்டில் ஓடுவது எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும், அளவு தப்பினால் இன்ஜின் போய்விடும். மாதம் ஒரு முறையாவது ஓட்ட வேண்டும். வருடத்துக்கு நாலு கிளை அறுக்க இவ்வளவு சீராட்டலா என்று நினைத்தேன்.

கடைசியாகப் போன கடையில் கவுன்டரில் இருந்தவர் என்னோடு நன்றாகப் பழகிவிட்டார். நான் நுழைந்ததும், "வாங்க சார், உங்களுக்குன்னு தனியா ஒரு சேர் போட்டுடலாம்னு முதலாளி சொல்றார்," என்றார். பிறகு கொஞ்சம் நெருங்கி வந்து, "எப்பவாவது பெரிய மரம் அறுக்கறதுக்குத்தானே சார்? பெட்ரோலே எடுத்துக்கங்க. மரம் கீற எடத்துல பிளக் பாயின்ட் இருக்காது."

"எங்கள் தெருவில் பதினாலு வீடு. பதினாலு பிளக் பாயின்ட். முப்பது மீட்டர் ஒயர் வாங்கினால் எல்லா மரத்துக்கும் எட்டும். அளந்துவிட்டேன்."

"மரம் வுழறப்ப கரண்ட் இருக்குமா சார்?"

அவர் கேட்டது எனக்குத் தெளிவாகவே காதில் விழுந்தது. "கரண்ட் போனால் வரும்," என்று சொல்லிவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். பதினோராயிரம் ரூபாய் மிச்சம் பிடித்த திருப்தியில் அன்று பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். பெட்டியை மடியில் வைத்திருந்தேன்.

அப்போது ஆயுத பூஜைக்கு எட்டு நாள் இருந்தது. புது மெஷினைப் பூஜையில் வைக்காமல் எப்படித் தொடுவது என்று சங்கத்தில் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். இன்னும் சரியாகச் சொன்னால், முதலில் சொன்னவனே நான்தான். விஜயதசமியன்று காலை ஏழாம் வீட்டுக் கிளையில் முதல் வெட்டு என்று நோட்டீஸ் எழுதி ஒட்டினோம்.

ஆயுத பூஜையன்று நண்பகலிலிருந்து மழை. இரண்டு ஐம்பத்தைந்துக்குக் கரண்ட் போயிற்று. மெஷின் எங்கள் கூடத்தில் பலகை மேல் சந்தனமும் குங்குமமுமாக, ஒரு முழம் கதம்பத்தோடு இருந்தது. நாலு இருபதுக்கு வெளியே ஒரு சத்தம் கேட்டது. லாரியிலிருந்து கருங்கல்லைக் கொட்டுவதுபோல் இருந்தது. எந்த இடத்திலிருந்து வருகிறது என்று நான் யோசிக்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

கிளை கொட்டகையின் குறுக்கே கிடந்தது. ஓடுபோல் நொறுங்கிய ஆஸ்பெஸ்டாசுக்கு அடியில் இஸ்திரிக்காரப் பெண் மல்லாந்து கிடந்தாள். இடது தொடை கிளைக்குக் கீழே. மற்ற நாளென்றால் அந்த நேரத்தில் தெருமுனையில் இஸ்திரி வண்டியருகே நின்று வேலை செய்துகொண்டிருப்பாள். அன்று பூஜையில் வைத்த இஸ்திரிப் பெட்டியைத் தொடக் கூடாது என்பதால் வீட்டில் இருந்தாள். கணவன் பொரி கடலை வாங்கத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போயிருந்தான்.

ஏழு ஆண்கள் சேர்ந்து தூக்கிப் பார்த்தோம். அசையவில்லை. நான் வீட்டுக்கு ஓடி மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கதம்பம் அதிலேயே தொங்கியது. முப்பது மீட்டர் ஒயரைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு ஏழாம் வீட்டு வாசலில் நின்றபோது செயலாளர் மெதுவாகச் சொன்னார்: "சார், கரண்ட் இல்லை."

எனக்குத் தெரியாமலா? தெரிந்துதான் கொண்டுவந்தேன். வேறு என்ன கொண்டுவருவது என்று தெரியவில்லை. மின்சார அலுவலகத்துக்குப் போன் செய்தவர் திரும்பி வந்து, கம்பி அறுந்து கிடக்கிறதாம், காலையில்தான் வருமாம் என்றார். யாரும் என்னைத் திட்டவில்லை. எல்லோரும் மெஷினைப் பார்த்தார்கள்.

அந்தப் பெண் சுயநினைவோடுதான் இருந்தாள். தலையைத் திருப்பி என்னைப் பார்த்து, "எண்ணிக் குடுக்கிற சார்தானே?" என்றாள். துணிகளை நான் இரண்டு முறை எண்ணிக் கொடுப்பதால் அவள் எனக்கு வைத்த பெயர் அது. "உங்க சட்ட நாலு உள்ள கீது சார். நனஞ்சிருக்கும். தப்பா நெனச்சிக்காதீங்க."

நான் கொடுத்திருந்தது ஐந்து. ஐந்து என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டேன் என்பதைத் தவிர அன்று நான் செய்த நல்ல காரியம் ஒன்றும் ஞாபகம் இல்லை.

செயலாளர் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து மரம் வெட்டுகிறவர் வீட்டுக்குப் போனேன். அவர் வீட்டிலும் பூஜை முடிந்திருந்தது. சுவரோரம் மணைப் பலகையில் இரண்டு கோடாலி, ஒரு கொடுவாள், இருவர் இழுக்கும் பெரிய ரம்பம். எல்லாவற்றுக்கும் பொட்டு. விஷயத்தைச் சொன்னதும் அவர் மனைவி, "இன்னிக்கு அத்த எட்க்கக் கூடாதே சார்," என்றார். குரலில் மறுப்பு இல்லை, பயம்தான் இருந்தது.

அவர் என்னைக் கேட்டார்: "எந்தக் கெளை?"

"அதே கிளை."

ஒரு முறை என் முகத்தைப் பார்த்தார். பிறகு ரம்பத்தை எடுத்துக் குங்குமத்தை லுங்கியில் துடைத்தார். "உசுருக்கு மேலயா பூஜ," என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பினார்.

கிளையைச் சுற்றிவந்து பார்த்தவர், "கோடாலி வோணாம், அதிரும். கால் போயிடும். அறுத்துத்தான் எட்க்கணும்," என்றார். இரண்டு பக்கமும் செங்கல் முட்டுக் கொடுத்துவிட்டு அண்ணனும் தம்பியும் ரம்பத்தை இழுத்தார்கள். ஐந்து பதினைந்துக்குத் தொடங்கினார்கள். நான் குடையை அந்தப் பெண்ணின் முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் வலியில் முனகும்போதெல்லாம் மரம் வெட்டுகிறவர், "ஆச்சும்மா, இன்னும் நாலு இழுப்பு," என்பார். நாலு இழுப்பு, நாலு இழுப்பு என்றே போயிற்று. ஆறு பத்துக்குக் கிளை இரண்டாயிற்று. உள்ளே கை நுழையும் அளவுக்குப் பொந்து. ஆட்டோவில் அவளைக் கிடத்தித் தாம்பரத்தில் ஒரு நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனோம்.

மறுநாள் அவருக்குக் கூலி கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. "நேத்து தொட்டதுக்குக் காசு வாங்க மாட்டேன் சார்." விறகையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "அந்த வெறகு எங்க வூட்டு அடுப்புல எரிய வோணாம்," என்றார். தெருவில் வேறு யாரும்கூட அதைக் கேட்கவில்லை. வண்டி பிடித்து அப்புறப்படுத்த நான்தான் நூற்றெண்பது ரூபாய் கொடுத்தேன். மே மாதம் எச்சரித்ததை அவர் எங்கள் தெருவில் ஒருவரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். ஆறு மாதம் நின்று வேலை செய்யக் கூடாது என்றார் டாக்டர். இஸ்திரி நின்றுதான் போட வேண்டும். கணவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மழைக்கு நீங்க இன்னா சார் பண்ணுவீங்க," என்றான். அன்று நர்சிங் ஹோம் பணத்தை நான் கட்டினேன். சங்கம் கொடுத்தது என்றேன். மாதம் எழுநூறு ரூபாய் கொண்டுபோய்க் கொடுத்தபோதும் சங்கம் என்றேன். சங்கத்தின் மேல் பழியைப் போடாமல் புண்ணியத்தைப் போட்டேன் என்று அப்போது சமாதானம் செய்துகொண்டேன். உண்மையில், நான் கொடுப்பதாகச் சொன்னால் ஏன் என்று கேட்பார்களே என்ற பயம்தான்.

மெஷின் விலையையும் ஒயர் விலையையும் சங்கத்துக்குத் திருப்பிக் கட்டிவிட்டு மெஷினை என் பெயருக்கு எடுத்துக்கொண்டேன். திருமுடிவாக்கத்தில் மரப்பெட்டி செய்யும் ஒரு பட்டறைக்காரர் ஐயாயிரத்துக்கு வாங்கிக்கொண்டார். அவரிடம் ஜெனரேட்டர் இருந்தது.

ஏப்ரலில் அவள் மறுபடி வண்டியருகே நின்றாள். இடது கால் ஒன்றரை அங்குலம் குறைந்துவிட்டது. அந்தக் காலுக்குக் கீழே ஒரு பலகைத் துண்டை வைத்துக்கொண்டு நின்றாள். முதல் நாள் துணி கொண்டுபோனேன். எண்ணவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று ஆறு மாதமாகச் சேர்த்துவைத்திருந்ததைச் சொன்னேன். மே மாதமே அவர் வெட்டுகிறேன் என்றார், நான்தான் தடுத்தேன், மெஷின் பார்த்துப் பார்த்து நாளைக் கடத்தினேன் என்று.

அவள் பெட்டியில் கரியை ஊதிக்கொண்டே கேட்டாள். பிறகு, "தெரியும் சார்," என்றாள். "வெட்றவரு ஆஸ்பத்திரில வந்து பாத்தப்பவே சொல்லிட்டாரு. சங்கத்துக் காசு இல்லன்னும் தெரியும்."

"தெரிந்துமா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை?"

"நானா கேட்டா இன்னா சார் ஆவப்போவுது? நீங்களா சொல்றீங்களான்னு பாத்துகினு இருந்தேன்." ஒரு சட்டையை விரித்துத் தண்ணீர் தெளித்தாள். "ஆறு மாசம் ஆச்சு உங்களுக்கு."

பெட்டியை எடுத்து என் சட்டைக் காலரை அழுத்த ஆரம்பித்தாள். வீட்டுக்கு வந்து கணக்கு நோட்டை எடுத்தேன். மெஷின், ஒயர், விறகு வண்டி, நர்சிங் ஹோம், மருந்து, ஆட்டோ, ஆறு மாதத் தொகை எல்லாம் கூட்டி, பட்டறைக்காரர் கொடுத்ததைக் கழித்தேன். இருபத்திரண்டாயிரத்து இருநூற்று முப்பத்தேழு ரூபாய். மே மாதம் மரம் வெட்டுகிறவர் கேட்டது முன்னூற்றைம்பது.