பளபளவென்று கழுவிய டிபன் பாக்ஸ்

மத்தியான மணி அடித்ததும் வகுப்பு முழுக்க டிபன் பாக்ஸ் மூடிகள் திறக்கும் சத்தம்... கூடவே புளிச்சோறு வாசனை. இன்றும் அந்த வாசனை வந்தால் எனக்குப் பசிக்காது.

அரியலூர் பக்கம், சிமெண்ட் ஆலையை ஒட்டிய பள்ளிக்கூடம். மரத்து இலையெல்லாம் சாம்பல் நிறத்தில் இருக்கும். ஆலைக் குவார்ட்டர்ஸில் உத்தியோகத்துக்குத் தகுந்தபடி ஏ டைப், பி டைப், சி டைப் என்று வீடுகள். பிள்ளைகளும் அந்தக் கணக்கில்தான் வட்டம் போட்டுச் சாப்பிடுவார்கள். என் அப்பா கான்ட்ராக்டில் மூட்டை ஏற்றுகிறவர். எங்களுக்குக் குவார்ட்டர்ஸே கிடையாது. நான் எந்த வட்டத்தில் உட்கார?

ஆறாம் வகுப்பில் ஒருநாள் துணிந்து பி டைப் பிள்ளைகள் பக்கத்தில் போய் நின்றேன். அவர்களில் ஒருத்தி, ஜெயந்தி, சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"இங்க எடம் இல்லப்பா... நாங்க காலனி புள்ளைங்க எப்பவும் ஒண்ணாதான் சாப்புடுவோம்."

அவ்வளவுதான். திட்டவில்லை, தள்ளவில்லை. மற்றவர்கள் பேச்சை நிறுத்தக்கூட இல்லை.

அதன்பிறகு தனியாக, மெதுவாகச் சாப்பிடுவேன். சீக்கிரம் முடித்துவிட்டால் மிச்ச நேரம் என்ன செய்வது? குழாயடிக்குப் போய் டப்பாவைக் கழுவுவேன். மண் போட்டுத் தேய்த்து, மறுபடி கழுவி... மணி அடிக்கும்வரை. ஏதோ வேலையாக இருப்பவள் மாதிரி.

அம்மாவுக்கு ஒரே பெருமை.

"எம்மவ டப்பாவ அவளே வெளக்கிட்டு வந்துருவா" என்று தெருவெல்லாம் சொல்லுவாள்.

அம்மாவிடம் என்னவென்று சொல்வது? யாரும் என்னை எதுவும் செய்யவில்லையே...

இப்போது பெரம்பலூரில் இருக்கிறோம். நேற்று சாயங்காலம் மகளோடு சீரியல் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடக் கதை. பணக்காரப் பெண் ஒருத்தி, ஏழைப் பெண்ணின் சாப்பாட்டைத் தட்டிவிடுகிறாள். இடி மாதிரி மியூசிக். ஸ்லோமோஷனில் சோறு பறக்கிறது. வகுப்பே கைகொட்டிச் சிரிக்கிறது. எனக்கு அந்த ஏழைப் பெண்மேல் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அவளுக்கு நடந்ததை எல்லாரும் பார்த்தார்களே.

"அம்மா, ஒன்ன யாராச்சும் இப்புடி பண்ணிருக்காங்களா?"

"இல்லடி."

"அப்ப ஜாலியாதான் இருந்துருக்க!"

சிரித்துவிட்டு, பாத்திரம் விளக்கலாம் என்று எழுந்து அவள் பையைத் திறந்தேன். மூடியில் காய்ந்த சோறு ஒட்டாமல் அவள் டப்பா வீடு வந்ததே இல்லை. தினமும் அதற்கொரு திட்டு உண்டு. நேற்று அது பளபளவென்று இருந்தது.

டிவியை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மத்தியானம் யாருகூட சாப்புட்ட பாப்பா?"

அவள் அணைந்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.