கூறைச்சேலையில் பறந்த வீரன்

எழுபதுகளில் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் இளைஞர் மன்றத்துக்காக ஒரு நாடகம் எழுதினேன். பள்ளியில் படித்த கிரேக்கக் கதையை நம்மூருக்கு இழுத்து வந்திருந்தேன். இடித் தெய்வத்தின் மகன் பகலில் ரயில்வேயில் டிக்கெட் கிழிப்பான். ஆபத்தென்றால் சிவப்பு அங்கி முதுகில் படபடக்கப் பறப்பான். கடல் பூதத்துக்குப் பலியாகப் பாறையில் கட்டப்பட்ட இளவரசியை மீட்டு, அங்கியை அவள் தோளில் போர்த்திக் காதலைச் சொல்வான். வீரன் நான். இளவரசி, கிள்ளானிலிருந்து பஸ்ஸில் ஒத்திகைக்கு வந்த ஒரு தட்டச்சர்.

அவளைப் பஸ் நிறுத்தம்வரை கொண்டுபோய் விட்டது காதலாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன.

"வீட்ல எப்பதான் சொல்லுவீங்க?" என்பாள்.

"நாடகம் முடியட்டும்" என்பேன்.

நாங்கள் யாழ்ப்பாணத்தார், அவளுடையது ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். எனக்கு மூத்தவள், கல்யாணமாகாத அக்கா. நான் வெளியே பெண் எடுத்தால் அக்காவைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள் என்று வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. நானாகவே நினைத்துக்கொண்டேன்.

ஒத்திகைகளில் அங்கிக்குப் பதில் படுக்கைவிரிப்பு. நாடகத்தன்று அம்மாவின் அலமாரியிலிருந்து அவருடைய கூறைச்சேலையை எடுத்துப்போனேன். தாலி கட்டுமுன் மாப்பிள்ளை தன் கையால் பெண்ணுக்குக் கொடுக்கும் சிவப்புப் பட்டு அது. வேறு சிவப்புத் துணி கிடைக்கவில்லை என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். பொய். அது அவள் தோளில் விழுந்தால் அம்மாவின் முகம் என்னவாகும் என்று பார்க்க ஆசைப்பட்டேன். வாயால் சொல்லத் துணிவில்லாதவன் செய்த பரிசோதனை.

பறக்கும் காட்சியில் கப்பி சிக்கி, நடு மேடையில் தொங்கிச் சுழன்றேன்.

"அண்ணே, எறங்கி பஸ் புடிங்க லா!" என்று பின்வரிசை கூவியது.

ஒருவழியாக இறங்கி, பூதத்தைக் குத்தி, சேலையை அவள்மேல் போர்த்தினேன். பின்வரிசை கைதட்டியது. எங்கள் ஆட்கள் உட்கார்ந்திருந்த முன்வரிசையில் ஒரு கைகூட அசையவில்லை. அவளைக் கட்டிய கயிற்றில் பூதமாக நடித்தவன் போட்ட முடிச்சு எனக்கு அவிழவில்லை. அப்படியே திரையை இறக்கிவிட்டார்கள்.

அம்மா மேடைக்கு வந்தார். பின்னால் அக்கா.

"தம்பி, விளங்கித்தானே இதைப் போட்டனீ?" அம்மாவின் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

கட்டுண்டு நின்றவளுக்கு அது அம்மாவின் கூறை என்று தெரியாது. ஆனாலும் கேள்வி புரிந்துவிட்டது. என்னையே பார்த்தாள்.

"நாடகம்தானே அம்மா" என்றேன்.

அவள் சிரித்தாள். "சரிதான். ஹீரோ பாஸ், கயித்த அவுத்து விடுங்க லா, கிள்ளான் பஸ் போயிரும்."

முடிச்சை அக்காதான் அவிழ்த்தாள். இளவரசி சேலையை ஒழுங்காக மடித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பிறகு மன்றத்துப் பக்கம் வரவே இல்லை. நானும் கிள்ளானுக்குப் போய்த் தேடவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அக்கா கேட்டாள்: "உனக்கு அந்தப் பிள்ளையில விருப்பம்தானே?"

"உனக்காகத்தான் அக்கா..."

"எனக்காகவோ? நான் உன்னட்டக் கேட்டனானோ?"

அம்மா சேலையை மார்போடு அணைத்தபடி, "ஓமெண்டு சொல்லியிருந்தா நான் என்ன செய்திருப்பனோ, எனக்கே தெரியேல்லை" என்றார்.

சில ஆண்டுகள் கழித்து அக்கா தன்னோடு வேலை பார்த்த ஒரு சீனரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அம்மா முதலில் சாப்பிட மறுத்தார். பிறகு, மருமகனுக்குப் பிடிக்குமென்று நண்டுக்கறி சமைத்தார். பரிமாறியவன் நான்.