பதினேழு அடி

முல்லைத்தீவுக் கடற்கரையோரம் இருக்கும் எங்கள் வீட்டை விற்க நாளை உறுதி எழுதுகிறோம். அதற்கு முன் முற்றத்தைத் தோண்டிப் பார்க்க அம்மாவோடு வந்தேன். மண்வெட்டி பட்டதும் எழுந்த ஈர மணலின் உப்பு வாசனை என்னை ஏழு வயதுக்கு இழுத்துப் போனது.

ஊரை விட்டு ஓடுவதற்கு முதல்நாள் எல்லா வளவுகளிலும் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. அலையிரைச்சலுக்கு நடுவே அப்பா கிடங்கு வெட்ட, அம்மா, காணாமல் போன அண்ணாவின் படங்கள் இருந்த அல்பத்தைப் பொலித்தீனால் சுற்றிச் சுற்றி, பிஸ்கட் தகரத்தில் வைத்து, மூடியின் விளிம்பெல்லாம் மெழுகு உருக்கி ஊற்றினார்.

“கிணத்தில இருந்து முருங்கைப் பக்கமா இந்தக் கிடங்கு வரைக்கும் நடந்து எண்ணு பிள்ளை. நீதான் சின்னவள், கனகாலம் இருப்பாய்,” என்றார் அப்பா.

பதினேழு. தறப்பாள் கொட்டிலிலும் முகாமிலும், அப்பா செத்த பிறகும், படுக்குமுன் அதை அம்மாவுக்கு ஒப்பித்தேன்.

கிணறு இருக்கிறது. முருங்கை இல்லை. இன்று எந்தப் பக்கம் பதினேழு அடி நடந்தாலும் வேலியைத் தாண்டிவிடுகிறேன். எண்ணியவை ஏழு வயதுக் கால்கள் என்பதை இத்தனை வருடம் நாங்கள் யோசிக்கவேயில்லை. எட்டுக் கிடங்கு வெட்டிவிட்டேன், எட்டிலும் மணல்தான்.

“அவன்ர முகம் எனக்கு ஞாபகத்தில வரமாட்டனெண்டுது பிள்ளை,” என்றார் கிணற்றுக்கட்டில் இருந்த அம்மா. “சின்னச் சின்னதா வைச்சு நட.”

எனக்கும் வருவதில்லை. அதை அவரிடம் சொன்னதில்லை.

கிணற்றடிக்குத் திரும்பி, குதிக்காலை விரலோடு ஒட்டி வைத்து, ஒன்று என்றேன்.