பரீட்சை வாசலில் ஒரு உபவாச ஜெபம்

அறுபதுகளின் தொடக்கத்தில், சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமத்தில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. என் கணவர் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார். விடிந்ததும் சைக்கிளில் கிளம்பினால் பொழுது சாயத்தான் வருவார். நான் வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் எல்லாப் பெண்களுக்கும் அதுதான் வேலை.

எங்கள் மூத்த மகள் ஏழாம் வகுப்பு படிக்கும்போது பெரியவளானாள். அதோடு பள்ளிக்கூடம் நின்றது. எங்கள் ஊரில் அது யாரும் உட்கார்ந்து பேசி எடுக்கிற முடிவு அல்ல, தானாகவே நடந்துவிடும். சடங்கு முடிந்த மறுநாள் நான் அவளுக்குத் தலை பின்னி, பைக்கட்டை எடுத்துக் கையில் கொடுத்தபோதுதான் என் கணவரின் அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

அவர் தம்பி மனைவியான என்னிடம் நேராகப் பேச மாட்டார். என்னிடம் சொல்ல வேண்டியதை என் கணவரைப் பார்த்துத்தான் சொல்வார். “ஏலே, உம்பொண்டாட்டிகிட்ட சொல்லி வையி. வயசுக்கு வந்த பிள்ளைக்குக் கோயில் ஒண்ணுதான் வெளியிடம். வேற எங்கயும் வாசப்படி தாண்டக் கூடாது. வார தை மாசம் கல்யாணத்தை முடிச்சிருவோம்” என்றார். கோயில் என்று அவர் சொன்னது எங்கள் ஊர் வேதக்கோயிலை, கிறிஸ்தவ ஆலயத்தை. அந்தச் சபையின் கமிட்டியில் அவர் இருந்தார். அதைவிடப் பெரிய விஷயம், கம்பெனியிலிருந்து மரச்சீவலும் லேபிளும் நீலத்தாளும் கொண்டுவந்து தெருப் பெண்களுக்குப் பங்கு வைப்பவரும் அவர்தான். அவர் முகம் சுளித்தால் அந்த வீட்டுக்கு வேலை வராது. சடங்குக்காக லீவு போட்டிருந்த என் கணவர் தலையை ஆட்டினார். அண்ணன் பேச்சைத் தட்டி அவருக்குப் பழக்கமில்லை.

எனக்கு அன்று அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நான் மிஷன் போர்டிங்கில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். வாசல் தாண்டக் கூடாது என்றுதானே சொன்னார், வாசலுக்கு உள்ளே படிக்கக் கூடாது என்று சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் போகாதவர்களும் எட்டாம் வகுப்பு அரசாங்கப் பரீட்சையைத் தனியாக எழுதலாம். அதில் தேறிவிட்டால் டீச்சர் டிரெயினிங் சேரலாம். தேறாவிட்டால் தை மாசம் கல்யாணம். இதை மகளிடம் அப்படியே சொன்னேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “கணக்கு நீ சொல்லித் தருவியாம்மா?” என்று கேட்டாள். எனக்கே கணக்கு வராது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அன்றிலிருந்து எங்கள் வீடு பள்ளிக்கூடமானது. நான் பசையைத் தடவிச் சீவலை மடக்குவேன், அவள் எதிரே உட்கார்ந்து சத்தமாகப் பாடம் வாசிப்பாள். சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் இந்தியா படம் வரைவோம். குழம்பு கொதிக்கும் நேரத்தில் அது அழிந்துவிடும், மறுபடியும் வரைவோம். எனக்குப் புரியாத கணக்கை அவள் புத்தகத்தைப் பார்த்துத் தானே போட்டு, பிறகு எனக்குச் சொல்லித்தருவாள். யார் டீச்சர், யார் மாணவி என்று பல நாள் எங்களுக்கே குழப்பம். பசைக் கையோடு நான் புத்தகத்தைத் தொட்டு, வரலாற்றில் நாலு பக்கம் ஒட்டிக்கொண்டதற்கு அவள் என்னைத் திட்டியது இன்னும் நினைவிருக்கிறது.

இந்த மும்முரத்தில் நான் வெள்ளிக்கிழமை பெண்கள் சங்க ஜெபக்கூட்டத்துக்குச் சரியாகப் போகவில்லை. அங்கேதான் எனக்கு அடி விழுந்தது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி மேல் வருத்தம் என்றால் அதை யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், ஜெபத்தில் சொல்வார்கள். எல்லோரும் கண்ணை மூடித் தலையைக் குனிந்திருக்கும்போது ஆண்டவரிடம் சொல்வது போலச் சொல்லிவிடுவார்கள். ஜெபத்துக்கு நடுவே யார் மறுத்துப் பேச முடியும்? கடைசியில் ‘ஆமென்’ வேறு சொல்லியாக வேண்டும். இந்தக் கலையில் எங்கள் சங்கத் தலைவியை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் விதவை, எல்லோருக்கும் பெரியக்கா. நான் போன ஒரு வெள்ளிக்கிழமை அவர் கண்ணை மூடி, “கர்த்தாவே, எங்கள் நடுவிலே ஒரு சகோதரி சபை கூடிவருதலை விட்டுவிட்டு உலகப் படிப்பின் பின்னாலே ஓடுகிறாள். அவள் இருதயத்தின் பெருமையை எடுத்துப்போடும்” என்றார். பெண்கள் எல்லோரும் “எடுத்துப்போடும்” என்றார்கள். எனக்குக் காது மடல் வரை சூடேறியது.

அதற்குள் பரீட்சைக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது. என் கணவர் கையெழுத்துப் போட்டார். “அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்” என்றார். போட்டாரே, அதுவே எனக்குப் பெரிசு. பரீட்சை விருதுநகரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில், மூன்று நாள். பஸ் ஏறிப் போக வேண்டும். நானும் அவளும் மட்டும் கிளம்பினால் தெரு முனை தாண்டுவதற்குள் அவள் பெரியப்பாவுக்குத் தகவல் போய்விடும். அண்ணனை எதிர்த்துக்கொண்டு கூட வர என் கணவருக்குத் தைரியமில்லை. இத்தனை நாள் படிக்க வைத்துவிட்டு, கடைசியில் வாசலில் நிற்க வைத்துவிடுவேனோ என்ற பயம் அரித்தது.

பரீட்சைக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்குப் போனேன். ஒவ்வொருவராக ஜெபித்து என் முறை வந்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் அன்று நானே எதிர்பாராமல் வந்தது அது. கண்ணை மூடிக்கொண்டு, “கர்த்தாவே, என் மகள் பரீட்சை எழுத விருதுநகர் போக வேண்டும். வீட்டில் அனுமதி இல்லை. கூட வர ஆள் இல்லை. எனக்குப் பெருமை இருக்கிறது என்றால் எனக்குத் தண்டனை கொடும், என் பிள்ளைக்கு வேண்டாம். இந்தப் பாயில் இத்தனை சகோதரிகள் இருக்கிறார்கள். யாருக்காவது மனது கொடும்” என்று சொல்லி முடித்தேன்.

யாரும் ஆமென் சொல்லவில்லை. என்னை வெளியே போகச் சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன்.

“ஆமென்” என்றார் பெரியக்கா. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். “கேட்டுட்டு சும்மா இருந்தா அது ஜெபமில்ல. பரீட்சை என்னைக்கு?”

சொன்னேன்.

“மூணு நாளா? மூணு நாள் உபவாச ஜெபம் வச்சு ரொம்ப நாளாச்சு. இந்தத் தடவை விருதுநகர்ல வைப்போம். பள்ளிக்கூடத்து வாசல்ல நிழல் இருக்குல்ல? அங்கன உக்காந்துக்கிடுவோம். பிள்ளை நம்ம கூட ஜெபத்துக்கு வாரா. கோயில் காரியத்துக்குப் போக அவுக பெரியப்பாவே சொல்லியிருக்காகல்லா?”

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று நாள் பெட்டி ஒட்டவில்லை என்றால் வீட்டில் அடுப்பு மந்தமாகும். என் கணவரின் அண்ணன் கோபித்துக்கொண்டு சீவல் தராமல் நிறுத்திவிட்டால் அதற்கு மேலும் ஆகும். எல்லோருக்கும் அது தெரியும். ஒருத்தி மெதுவாக, “அக்கா, இது பொய்யாகாதா?” என்று கேட்டாள்.

“ஜெபம் பண்ணாம வந்தாத்தான் பொய்யி. நம்ம நெசமாவே பட்டினி கெடந்து ஜெபம் பண்ணப் போறோம்” என்றார் பெரியக்கா. பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எம்மகளும் நல்லாப் படிச்சா. நாந்தான் அடுப்படியில உக்கார வச்சேன். அதுக்கு இன்னும் நான் ஆண்டவருக்குப் பதில் சொல்லல” என்றார். கேள்வி கேட்டவளே முதலில், “நானும் வாரேன்க்கா” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், சபையை நடத்தும் உபதேசியார் அந்த வார அறிவிப்பை வாசித்தார். பெண்கள் சங்க உபவாச ஜெபம் இந்த வாரம் விருதுநகரில் என்று. ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவரின் அண்ணன் திருப்தியாகத் தலையசைத்ததை நான் பார்த்தேன். சிரிப்பை அடக்க வேதப்புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

முதல் பஸ்ஸில் வெள்ளைச் சேலைகளாக ஏறினோம். நடுவில் என் மகள். பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே ஒரு வாகை மரம் இருந்தது. அவள் உள்ளே போனதும் பாயை விரித்து உட்கார்ந்தோம். நிஜமாகவே ஜெபித்தோம், பாடினோம். உள்ளே பரீட்சை நடக்கிறது, மெதுவாகப் பாடுங்கள் என்று வாட்ச்மேன் வந்து கெஞ்சினார். பிறகு அவரே ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பொழுது சாய ஊர் திரும்பி, மறுநாள் முதல் பஸ்ஸில் மறுபடி வந்தோம். இரண்டு நாள் நல்லபடியாகக் கழிந்தது.

மூன்றாம் நாள் கணக்குப் பரீட்சை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. விருதுநகர் பஜாருக்கு வத்தல் விற்க வந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர், முந்தின நாள் என் மகள் பள்ளிக்கூடத்துக்குள் போவதைப் பார்த்திருக்கிறார்; அன்று காலை நாங்கள் பஸ் ஏறிய பிறகு அதை ஊரில் சொல்லியிருக்கிறார். தெருவில் ஒரு வீட்டிலும் பெட்டி ஒட்டித் தயாராக இல்லை என்ற கோபம் ஏற்கெனவே அவள் பெரியப்பாவுக்கு இருந்தது. இதுவும் சேர்ந்துகொண்டது. பஸ் நிற்கும் திசையிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் வேகமாக வருவதை நான் பார்த்தேன். உள்ளே போய் அவளைப் பாதிப் பரீட்சையில் இழுத்துக்கொண்டு வந்துவிடுவார், தடுக்க யாராலும் முடியாது என்று நினைத்தேன்.

“அக்கா” என்றேன். அவரும் பார்த்துவிட்டார்.

“ஜெபிப்போம்” என்றார் பெரியக்கா. எல்லாத் தலைகளும் ஒன்றாகக் குனிந்தன.

அவள் பெரியப்பா எங்களுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். ஜெப வேளையில் குறுக்கே நடப்பவர்களைக் கோயிலில் அதட்டுகிறவரே அவர்தான். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். மடித்த வேட்டியை இறக்கிவிட்டார். செருப்பைக் கழற்றினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார்.

பெரியக்காவின் ஜெபம் சாதாரண நாளிலேயே நீளம். அன்று அவர் மழைக்காக ஜெபித்தார். கண்மாய்க்காக, பட்டாசுக் கம்பெனியில் மருந்து இடிப்பவர்களுக்காக, நோயாளிகளுக்காக, பேறுகாலத்துக்குக் காத்திருப்பவர்களுக்காக, டெல்லியில் ஆட்சி செய்கிறவர்களுக்காக, எங்கள் வாட்ச்மேனுக்காக ஜெபித்தார். எங்களுக்கு முழங்கால் மரத்துவிட்டது. பிறகு குரலைக் கொஞ்சம் உயர்த்தி, “கர்த்தாவே, வேலையெல்லாம் விட்டுவிட்டு, இந்த வெயிலிலே, தம்பி மகளுக்குத் துணையாக இவ்வளவு தூரம் வந்து நிற்கிற எங்கள் சகோதரனுக்காக உமக்கு ஸ்தோத்திரம்” என்றார்.

“ஸ்தோத்திரம்” என்றோம் நாங்கள்.

“தகப்பனுக்குத் தகப்பனாக அந்தப் பிள்ளையைத் தாங்குகிற மனதை அவருக்குக் கொடுத்தீரே, அதற்காக ஸ்தோத்திரம்.”

“ஸ்தோத்திரம்.”

உள்ளே மணி அடித்தது. அதன் பிறகுதான் பெரியக்கா ஆமென் சொன்னார். ஆண் குரல் ஒன்றும் அதில் சேர்ந்து கேட்டது.

என் மகள் விரலெல்லாம் மையோடு வெளியே வந்தாள். பெரியப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அத்தனை பெண்களும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

“இன்னைக்குக் கணக்கா?”

“ஆமா பெரியப்பா.”

“வட்டிக் கணக்கு கேட்டிருந்தாகளா?”

“கேட்டிருந்தாக. போட்டுட்டேன்.”

அந்த வழியாகப் பதநீர்க்காரர் ஒருவர் போனார். அவள் பெரியப்பா அவரைக் கூப்பிட்டு எங்கள் எல்லோருக்கும் ஊற்றச் சொன்னார். எங்கள் உபவாசம் அங்கேயே முடிந்தது.

மனிதர் திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். கோடை முடியும்வரை எனக்குச் சீவலே தரவில்லை. மற்ற பெண்களுக்கும் பங்கைக் குறைத்தார். அவர்கள் ஒருத்தியும் என்னிடம் முகம் கோணவில்லை. சிலர் தங்களுக்கு வந்ததில் கொஞ்சம் என் வீட்டில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள். மகள் தேறியபின் கல்யாணப் பேச்சு மறுபடி வந்தது. அன்று என் கணவர் எழுந்து நின்று, “அண்ணே, அவ டிரெயினிங் போகட்டும்” என்றார். அந்த ஒரு வரியைச் சொல்ல அவருக்கு வேர்த்துக் கொட்டியது. எனக்கு அவர் மேல் அத்தனை பிரியம் பொங்கியது.

மகள் டீச்சரானாள். என்னிடம் எத்தனையோ பேர் பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைத்துவிட்டாயே என்று பாராட்டியிருக்கிறார்கள். வீட்டில் வைத்துப் படிக்க வைத்தது நான்தான், அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் பரீட்சை எழுத வைத்தவர்கள், கூலியை விட்டுவிட்டு வெறும் வயிற்றோடு விருதுநகர் வெயிலில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்கள். அவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் பெயரைக்கூட எழுதத் தெரியாது. இன்றைக்கும் யாராவது கஷ்டப்படுகிறவர்களிடம் “உங்களுக்காக ஜெபிக்கிறேன்” என்று நான் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், எங்கே போய் உட்கார்ந்து ஜெபிக்கப்போகிறாய் என்று என்னையே ஒரு முறை கேட்டுக்கொள்கிறேன்.