கரையில் அடித்த முளை

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் தங்குவதற்காக வண்டியை அவிழ்க்கிறோம். வண்டிக்காரர் மாடு கட்ட முளை அடித்ததுமே ஏரிக் காவல்காரர் ஓடி வருகிறார்.

“இன்னா அண்ணாத்தே, கரைமேல முளை அடிக்கிற? மழை பேஞ்சா அந்த ஓட்டையில தண்ணி எறங்கி மண்ணு கரைஞ்சிடும். கீழ தோப்புல தங்கிக்க.”

முளையைப் பிடுங்கி, குழியில் மண் போட்டுக் குதிகாலால் மிதிக்கிறார். சற்றுத் தள்ளி, அதே கரையில், வெள்ளைக்கார அதிகாரியின் கூடாரம் சுற்றிலும் முளைகளோடு நிற்கிறது. அதைக் காட்டுகிறேன்.

“தொரைகிட்ட யாருங்க சொல்றது? அவரு போனதும் நான் அடைச்சிடுவேன்.”

“அதற்குள் மழை வந்தால்?”

“அதான் இங்கியே கீறேன். கரை ஒடைஞ்சா மொதல்ல போற ஊடு என்னுது.”

கூடாரத்தில் விளக்கு ஏற்றுகிறார்கள். கிழக்கே மின்னுகிறது.