பீரங்கியின் வாய்

அபார்ட்மென்ட் கேட்டுக்கு இன்று பச்சை எனாமல் அடிக்கிறார்கள். அந்த நெடியோடு எனக்கு ஒரு பழைய அழுகல் நாற்றமும் சேர்ந்து வருகிறது. சிறுவயதில் நாங்கள் குடியிருந்த ஆஸ்டின் டவுனில், இப்போது இடித்துவிட்ட முன்னாள் ராணுவத்தினர் மன்றத்தின் வாசலில் பழைய பீரங்கி ஒன்று நின்றது. அங்கே கல்யாணத்துக்கு வருகிற வெட்கங்கெட்ட ஜனங்கள் வெற்றிலை எச்சிலையும் கோழி எலும்பையும் அதன் வாய்க்குள்தான் போடுவார்கள். குடியரசு தினம் வந்தால் மன்றத்துக்காரர்கள் வழிந்த எச்சிலைக்கூடத் துடைக்காமல் அதன்மேலேயே பச்சை பூசி, சாமந்தி மாலை போட்டு, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் சல்யூட் அடிப்பார்கள். சண்டையில் பீரங்கி சுட்ட அப்பா மட்டும் சட்டைக் கையை மடித்துவிட்டு, உள்ளே கைவிட்டு அந்த அழுகலை அள்ளிப் போடுவார்.

"சண்டையிலயும் இப்படித்தான் நாறுமாப்பா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இதவிட நாறும்," என்றார். "மூக்கப் பொத்திக்கத்தான் கை ஒழியாது."